பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் இல்லையாம்

"ஓட்டுநர் வராததால் 7ஆம் எண் பேருந்து இன்று இயங்காது. பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடவும்." காலை ஆறரை மணிக்கு வாட்ஸ்அப்பில் இப்படிச் செய்தி வருவது இந்த ஆண்டு வாடிக்கையாகிவிட்டது. பள்ளியில் கேட்டால், "ஓட்டுநரே கிடைப்பதில்லை சார்" என்கிறார்கள். லாரிக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கும் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஹெவி லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பள்ளிகள் தரும் வேலைக்குத்தான் ஆள் இல்லை. வண்டி இரவில் கடைசி ஊரில் நிற்கும். விடியுமுன் எழுந்து துடைத்து எடுத்தால், ஒன்பது மணிக்குப் பள்ளியில் இறக்கிவிடலாம். அடுத்த ட்ரிப் மாலை நான்கு மணிக்கு. நடுவில் வீட்டுக்கும் போக முடியாது, வேறு வண்டிக்கும் போக முடியாது. செடிக்குத் தண்ணீர் விடு, விடுதிக்குக் காய்கறி ஏற்றி வா என்று ஏவல் வேறு. வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். இத்தனைக்கும் பல இடங்களில் மே மாதச் சம்பளம் கிடையாது, கொடுத்தாலும் பாதிதான். அந்த மனிதர் லோடு வண்டிக்குப் போகாமல் என்ன செய்வார்?

அவர் போனதும் ஆக்டிங் டிரைவர் வருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சீட்டில் ஏறி நின்று அவருக்கு வழி சொல்கிறது. இறங்கியதும் எந்தப் பிள்ளை வண்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஓடும் என்பது பழகிய ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

1997இல் டெல்லி வஜீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்தது. ஓட்டுநருக்குக் கனரக வாகனத்தில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2012இல் தாம்பரம் அருகே பேருந்துத் தளத்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. 2022இல் வளசரவாக்கத்தில் பள்ளி வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். கேமராவும் சென்சாரும் வந்தன. எல்லாம் தேவையானவையே. ஆனால், அந்த ஐந்தாண்டு அனுபவக்காரரை வேலையில் தக்கவைக்கும் பொறுப்பைப் பள்ளிகளின் தயவுக்கே விட்டுவிட்டோம்.

அமெரிக்காவிலும் இதே தட்டுப்பாடுதான். 2021இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல தேசியக் காவல் படையினரை இறக்கியது. 2023 ஆகஸ்டில் லூயிவில் நகரில், இருக்கிற ஓட்டுநர்களை வைத்துச் சமாளிக்கக் கணினி போட்டுத் தந்த வழித்தடங்களை நம்பினார்கள். முதல் நாளே கடைசிப் பிள்ளை வீடு சேரும்போது இரவு பத்து மணி ஆகியிருந்தது. அடுத்த சில நாட்கள் பள்ளிக்கே விடுமுறை.

சம்பளத்தைக் கூட்டினால் கட்டணமும் கூடுமே என்பார்கள். கூடட்டும். 50 பிள்ளைகள் ஏறும் பேருந்தில் ஓட்டுநருக்கு மாதம் 5,000 ரூபாய் கூட்டினால் தலைக்கு 100 ரூபாய். ஆண்டு விழா மேடைக்கு இதைவிட அதிகமாகவே நம்மிடம் வாங்குகிறார்கள், நாமும் வாய் திறக்காமல் கொடுக்கிறோம்.

ஒவ்வொரு மே மாதமும் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, அவசர வழி, தீயணைப்பான், படிக்கட்டு உயரம் என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனையும் நடக்கிறது. லைசன்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கும் அந்த அதிகாரி, "போன மே மாதச் சம்பளம் வந்ததா?" என்று ஓட்டுநரைத் தனியாக அழைத்துக் கேட்கட்டும். பதிலை எழுதிக்கொண்டு, அதன் பிறகு தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடட்டும்.