பார்வையற்றவர்கள் எழுதிய மென்பொருளை மென்பொருளாகப் பேசுவோம்

மாற்றுத்திறனாளியான ஒரு புரோகிராமரைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே அவருடைய உடல்குறை வந்துவிடுகிறது. அது எப்படி வந்தது, வீட்டில் எப்படித் தவித்தார்கள், எத்தனை பேர் ‘உன்னால் முடியாது’ என்றார்கள், கடைசியில் எப்படிச் சாதித்துக் காட்டினார். முக்கால் கட்டுரை இதற்கே போய்விடும். அவர் எழுதிய மென்பொருள் என்ன செய்கிறது, அதில் என்ன புதுசு என்பதற்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிய விஷயம். படித்தவர்கள் நெகிழ்ந்துபோய் ஒரு லைக் போடுவார்கள், அத்தோடு சரி. எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு புரோகிராமருக்கு நாம் தரக்கூடிய முதல் மரியாதை, அவர் எழுதிய நிரலைப் பற்றிப் பேசுவது.

மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். இருவரும் ஆஸ்திரேலியர்கள், இருவருக்கும் பார்வை கிடையாது. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். பார்வையற்ற ஒருவர் கணினியில் வேலை செய்ய ஸ்க்ரீன் ரீடர் வேண்டும். திரையில் இருப்பதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள் அது. இவர்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் பரவலாகப் புழங்கிய ஜாஸ் ஸ்க்ரீன் ரீடரின் விலை ஆயிரம் டாலரைச் சுற்றி. கணினிக்கு ஒரு விலை, அதைப் பேச வைக்க இன்னொரு பெரிய விலை. வேலையில் இருந்தால் நிறுவனம் வாங்கித் தரலாம். வேலை தேடுகிறவரும் படிக்கிற பிள்ளையும் என்ன செய்வார்கள்?

2006 ஏப்ரலில் கரன் பைத்தான் மொழியில் ஒரு ஸ்க்ரீன் ரீடர் எழுதத் தொடங்கினார். அதுதான் என்விடிஏ. அடுத்த வருடம் டெஹ்ஹும் அவரும் சேர்ந்து என்வி ஆக்சஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மென்பொருள் முழுக்க இலவசம், மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. கணினியில் நிறுவாமலே பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய் எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணினியில் வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். ஸ்க்ரீன் ரீடர் பயனர்களிடம் வெப்எய்ம் அமைப்பு 2019இல் நடத்திய கணக்கெடுப்பில், முதன்மையாகப் பயன்படுத்துவது என்விடிஏ என்றவர்கள் 40.6 சதவீதம், ஜாஸ் என்றவர்கள் 40.1 சதவீதம். இருவர் ஆரம்பித்த ஓர் இலவச மென்பொருள் பல வருடம் கோலோச்சிய வணிக மென்பொருளைத் தொட்டுத் தாண்டிய கதை இது. அடுத்த கணக்கெடுப்பில் ஜாஸ் மறுபடி முந்தியது, அதனால் என்ன?

ஜாஸை வில்லனாக்குவது என் நோக்கம் இல்லை. அதை உருவாக்கிய டெட் ஹென்டரும் பார்வையற்றவர்தான். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது, அதற்கப்புறம்தான் நிரல் எழுதக் கற்றார். 1987இல் அவரோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கிய பில் ஜாய்ஸும் பார்வையற்றவர். ஆக இந்தத் துறையில் ஒன்றோடொன்று போட்டி போடும் இரண்டு பெரிய மென்பொருள்களுமே, அதை நம்பி வாழ்கிறவர்கள் எழுதியவை. இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்க்ரீன் ரீடர் என்றால் திரையில் இருக்கும் எழுத்தை மேலிருந்து கீழாக வாசிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி வாசித்தால் ஒரு செய்தித்தளத்தின் முகப்பைக் கேட்டு முடிக்கவே பொழுது போய்விடும். என்விடிஏவில் ஹெச் எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், கே (K) அழுத்தினால் அடுத்த சுட்டிக்கு, அதாவது லிங்குக்கு, பி (B) அழுத்தினால் அடுத்த பொத்தானுக்கு. பார்வையுள்ளவர் கண்ணை ஓட்டித் தேடுவதை இவர்கள் விரலை ஓட்டிச் செய்கிறார்கள். கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தால் ‘பத்து சதவீதம், இருபது சதவீதம்’ என்று பேசித் தொல்லை தராமல், ஏற ஏறச் சுருதி கூடும் ஒரு பீப் ஒலி வரும். கை வேறு வேலை பார்க்க, காது அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். எதைப் பேச வேண்டும், எதை ஒலியாக விட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் தினம் எட்டு மணி நேரம் அந்தக் குரலோடு வாழ்கிறவர்களுக்குத்தான் பிடிபடும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் நிரலின் அமைப்பையே தீர்மானிக்கும். ஒரு ஸ்பேஸ் கூடினாலும் நிரல் ஓடாமல் போகலாம். காதால் கேட்டு எழுதுகிறவருக்கு அந்த வெற்றிடம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரிக்கும் ‘நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி’ என்று பேச வைக்கலாம்தான், ஆனால் தலைவலி வந்துவிடும். என்விடிஏவில் அதை ஒலியாக மாற்ற ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஸ்பேஸுக்குச் சுருதி ஒரு படி ஏறும், ஒரு டேபுக்கு நான்கு ஸ்பேஸ் அளவுக்கு ஏறும். பார்வையற்ற சகா ஒருவர் இந்த வசதியைப் போட்டு நிரல் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒலி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பேச்சு போகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சட்டென்று நிறுத்தி, “இங்கே ஒரு ஸ்பேஸ் அதிகமா விழுந்திருக்கு” என்றார். நான் திரையை உற்றுப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அசாத்தியமான காது என்று யாராவது சொன்னால் அவர் எரிச்சல்படுவார், நியாயமும்கூட. பழக்கமும் சரியான கருவியும் சேர்ந்தால் அதுதான் நடக்கும்.

இதே மாதிரி யோசித்தவர்கள் முன்பும் உண்டு. டி.வி. ராமன் பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, கணிதச் சமன்பாடுகளைக் குரலில் சொல்லும் ஒரு மென்பொருளை உருவாக்கினார். அதில் அடுக்கெண் வரும்போது குரலின் சுருதி உயரும், கீழ்க்குறி வரும்போது தாழும். தாளில் மேலும் கீழும் எழுதுவதைக் காதில் மேலும் கீழும் வைத்தார். பிறகு, ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பேச வைக்க அவர் எழுதிய ஈமேக்ஸ்பீக்கில் நாட்காட்டியைத் திறந்தால் கட்டத்தில் இருக்கும் வெறும் எண்ணை வாசிக்காது, கிழமையோடு முழுத் தேதியைச் சொல்லும். ஜப்பானில் ஐபிஎம் ஆய்வாளர் சியேகோ அசகாவா, அவரும் பதினான்கு வயதில் பார்வை இழந்தவர், 1997இல் வெளிவந்த ஹோம் பேஜ் ரீடரை உருவாக்கினார். இணையப் பக்கத்தின் சாதாரண எழுத்தை ஆண் குரல் வாசிக்கும், சுட்டிகளைப் பெண் குரல். ‘இது சுட்டி’ என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கேட்டதும் ‘அட, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் இது யாருக்கு முதலில் தோன்றியது என்று பாருங்கள்.

இவர்களை அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மென்பொருளை அமைப்பது, என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடவும் கூடாது. டெஹ் 2017இல் மொசில்லாவுக்குப் போனார். ஃபயர்பாக்ஸில் ஸ்க்ரீன் ரீடர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உலாவிக்குள் தனித்தனியாக ஓடும் புராசஸ்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வர வேண்டியிருந்தது, பக்கம் பெரிதானால் உலாவி திணறியது. பக்கத்தின் விவரங்களை முதன்மைப் புராசஸிலேயே முன்கூட்டி வைத்துக்கொள்ளும்படி அவர் பங்கெடுத்த குழு அடிப்படையையே மாற்றி எழுதியது, 2023இல் ஃபயர்பாக்ஸ் 113இல் அது வந்தது. கோடிக்கணக்கான பேர் புழங்கும் உலாவியின் அடித்தளத்தையே மாற்றும் வேலை. எந்த சீனியர் இன்ஜினியரும் பயோடேட்டாவில் முதல் வரியாகப் போட்டுக்கொள்வார்.

மறுபக்கம் நம்முடைய லட்சணம் என்ன? வெப்எய்ம் வருடாவருடம் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்பைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில் அணுகல்தன்மைப் பிழைகள். ஏதோ தீர்க்க முடியாத பிழைகள் என்று நினைக்க வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று விவரம் இல்லை, படிவத்தின் கட்டத்துக்குப் பெயர் இல்லை, பொத்தானுக்குள் ஒன்றுமே இல்லை. ஸ்க்ரீன் ரீடரில் அந்தப் பொத்தான் ‘பட்டன்’ என்று மட்டும் ஒலிக்கும். பக்கத்தில் பத்து இருந்தால் ‘பட்டன், பட்டன், பட்டன்’. எது பணம் அனுப்பும், எது எல்லாவற்றையும் அழிக்கும்? ஒரு வரி ஹெச்டிஎம்எல் எழுதினால் சரியாகிவிடும் விஷயம். அதை எழுதாமல் விட்டுவிட்டு, பார்வையற்றவரின் விடாமுயற்சியைப் பாராட்டிப் பதிவு போடுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்த முயற்சியில் பாதி நாம் வைத்த தடையைத் தாண்டவே செலவாகிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். என்விடிஏ இலவசம் என்பதால் அதை எழுதுவதும் இலவசமாக நடக்கிறது என்று அர்த்தமில்லை. விண்டோஸ் மாறும்போதும் உலாவி மாறும்போதும் பின்னாலேயே ஓட வேண்டும், ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். நன்கொடையிலும் மானியத்திலும்தான் பெரும்பகுதி ஓடுகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தளத்தைச் சோதிக்க இதே என்விடிஏவைத்தான் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்கின்றன. அவை வருடாவருடம் ஒரு தொகையை ஒதுக்குவது தர்மம் ஆகாது, செய்த வேலைக்குத் தரும் கூலி. அப்புறம், அணுகல்தன்மைக் குழு அமைக்கும்போது பார்வையற்றவரைக் கடைசி வாரம் கூப்பிட்டு ‘சோதித்துச் சொல்லுங்கள்’ என்று உட்கார வைக்காதீர்கள். வடிவமைப்பு தொடங்கும் நாளிலேயே, முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார வையுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் மென்பொருள் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். என்விடிஏவை இறக்குங்கள், மவுஸைக் கழற்றி வையுங்கள், திரையை அணைத்துவிடுங்கள். நீங்களே எழுதிய செயலியில் லாகின் செய்து ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கே சிக்கினீர்களோ அதை உங்கள் குழுவின் பிழைப்பட்டியலில் இன்றைக்கே ஏற்றுங்கள், யார் சரிசெய்யப் போகிறார் என்ற பெயரோடு.