ஹெல்சிங்கி–டோக்கியோ: தூரம் மாறவில்லை, பாதைதான் மாறியது

விமானப் பயணத் தூரங்களையும் நேரங்களையும் அட்டவணையாகத் தரும் ஒரு கட்டுரை, பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர் என்றும், ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்றும் சொல்கிறது. தூரக் கணக்கு சரியானதே. ஆனால் பயண நேரம் 2022 பிப்ரவரிக்கு முந்தைய நிலையைக் குறிப்பதால், இன்று பயணச்சீட்டு வாங்குபவரை அது தவறாக வழிநடத்திவிடும்.

உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் தத்தம் வான்வெளியைப் பரஸ்பரம் மூடிக்கொண்டதால், சைபீரியாவுக்கு மேலாகச் சென்றுகொண்டிருந்த பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் தெற்கே காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா வழியாகவோ, வடக்கே துருவத்தைக் கடந்து அலாஸ்காவையும் பெரிங் நீரிணையையும் ஒட்டியோ சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. இரண்டில் எதுவானாலும் ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றோட்டம் (வானில் மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) தெற்குப் பாதையில் எதிர்க்காற்றாகிவிடும் என்பதால், டோக்கியோவிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் வடதுருவப் பாதையே பயன்படுகிறது.

இந்தத் துருவப் பாதை புதியதும் அன்று. சோவியத் வான்வெளியைத் தவிர்ப்பதற்காக, 1983இலேயே இதே நிறுவனம் டிசி-10 விமானத்தில் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது; அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான் ஆனது. (நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்கள் எவ்வளவோ மேம்பட்டும் பயணிக்கு அதே நேரம் என்பது எனக்கு உண்மையில் வருத்தமளிக்கிறது.)

எனவே இத்தகைய அட்டவணைகளில் நேர்வழித் தூரத்துடன், தற்போது பறக்கும் பாதையின் நேரத்தையும் சேர்த்துத் தருமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.