15 நாளில் மஞ்சளான கூரை

பெய்ஜிங்கின் யோங்ஹேகோங் கோயிலுக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்பது அந்தப் பெரிய சிலையைப் பற்றித்தான். பார்த்தேன். மைத்ரேய புத்தர், ஒரே சந்தன மரத்தில் செதுக்கியது, தரைக்கு மேல் 18 மீட்டர், தரைக்குள் 8 மீட்டர். ஏழாம் தலாய் லாமா கொடுத்த பரிசு. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. சரி, ஆனால் என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது கூரையைத்தான்.

இது கோயிலாகக் கட்டியது இல்லை. 1694-ல் காங்சி பேரரசர் காலத்தில் எழுந்தது. அவருடைய நான்காம் மகனின் மாளிகை. இளவரசன் வீடு என்பதால் பச்சை ஓடு. மஞ்சள் ஓடு பேரரசருக்கு மட்டும். அந்த மகன்தான் பிறகு யோங்செங் பேரரசர். 1735-ல் அவர் இறந்தபோது உடலை இங்கே வைக்க வேண்டும், கூரையோ பச்சை. 15 நாளில் முக்கியக் கட்டடங்களின் ஓடுகளை மாற்றி மஞ்சளாக்கினார்களாம். செத்தவருக்கும் அந்தஸ்து முக்கியம்!

1744-ல் அவர் மகன் சியான்லோங் இதைத் திபெத்திய பௌத்த மடமாக்கினார். ஏன் திபெத்திய பௌத்தம்? பதில் முன்முற்றத்துச் சதுர மண்டபத்தில் நிற்கிறது: 1792-ல் அவரே எழுதி நாட்டிய கல். நாலு பக்கம், நாலு மொழி: சீனம், மஞ்சு (அந்த அரச வம்சத்தின் தாய்மொழி), மங்கோலியம், திபெத்தியம். திபெத்திய பௌத்தத்தில் மங்கோலியர்கள் பின்பற்றும் பிரிவான மஞ்சள் தொப்பி லாமாக்களை ஆதரித்தால் மங்கோலியர்கள் அடங்கியிருப்பார்கள், அதனால் ஆதரிக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்கிறது. இத்தனைக்கும் அவர் லாமா ஒருவரைக் குருவாகக் கொண்டவர், திபெத்திய மொழியும் படித்தவர். பக்தியும் இருந்தது, கணக்கும் இருந்தது. கணக்கைக் கல்லில் வெட்டிக் கோயிலுக்குள்ளேயே வைக்கும் துணிச்சல் எத்தனை ராஜாக்களுக்கு வரும்?

இந்த இரட்டை வேடம் கட்டடத்திலும் தெரிகிறது. ஃபாலுன் மண்டபத்தின் கீழ்ப்பாதி சீன அரண்மனை: சிவப்புத் தூண்கள், வளைந்த இறவாரம். தலையைத் தூக்கினால் கூரை மேல் ஐந்து குட்டி மாடங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் திபெத்தியத் தூபி. உள்ளே மஞ்சள் தொப்பிப் பிரிவைத் தொடங்கிய சோங்கப்பாவின் வெண்கலச் சிலை, 6 மீட்டர் உயரம்.

நான் போன அன்று சிலைக்கு முன்னால் நெட்டித் தள்ளும் கூட்டம், ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. கல்லிருந்த மண்டபத்தருகே ஒரு பாட்டி மட்டும், படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.