ஒரே லாகின் என்றால் ஒரே லைசென்ஸ் ஆகிவிடாது

வெப் சர்வர் ஒரே லாகினில்தான் டேட்டாபேஸோடு பேசுகிறது, அதனால் டேட்டாபேஸுக்கு ஒரு யூசர் லைசென்ஸ் (ஒரு ஆளுக்கான உரிமம்) போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், நம்பி வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். டேட்டாபேஸ் விற்கும் மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் இரண்டும், இப்படிப் பலர் சில இணைப்புகள் வழியாகவே உள்ளே வருவதை மல்டிபிளெக்ஸிங் என்கின்றன. நடுவில் எத்தனை சர்வர் இருந்தாலும், எண்ணப்படுவது பிரவுசருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். கனெக்‌ஷன் பூலில் (எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பில்) 10 இணைப்பு, உள்ளே வருபவர்கள் 300 பேர் என்றால் கணக்கு 300. நாங்களும் பூலை மட்டும் எண்ணி வாங்கினோம். லைசென்ஸ் தணிக்கை வந்தபோதுதான் விஷயமே புரிந்தது, அப்புறம் அந்த வருட பட்ஜெட் முழுக்க அதற்கே போனது. சரி, ஆட்களை எண்ணவே முடியாத பொதுத் தளம் என்றால்? கோர் கணக்குதான் வழி, அதாவது ஆட்களுக்குப் பதில் சர்வர் பிராசஸரில் உள்ள கோர்களை எண்ணி லைசென்ஸ் வாங்குவது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து அது உண்டு, ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 4 கோருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும்.