முதல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் புது ரைஃபிள் வாங்க நினைப்பவர்களுக்கு

நமீபியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ முதன்முறையாக வேட்டைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள், பயணத்துக்கு ஓர் ஆண்டு இருக்கும்போதே கேட்கத் தொடங்கும் கேள்வி, எந்த காலிபரில், அதாவது எந்தக் குழல் விட்டத்துக்கும் தோட்டாவுக்கும் உரிய புது ரைஃபிள் வாங்குவது என்பதுதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஏறக்குறைய முடிந்துபோனதால், இதைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் முறையான உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகும் தமிழர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேட்டைப் பட்டியலில் ஆப்பிரிக்க எருமை இல்லையென்றால் புது ரைஃபிள் தேவையில்லை. பல ஆண்டுகளாகக் கையாண்டு பழகிய .30-06, .308 அல்லது .270 எதுவோ அதையே எடுத்துச் செல்லுங்கள். புதியதற்கு ஒதுக்கிய பணத்தைத் தரமான குண்டுகளுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

முதல் பயணத்தில் பெரும்பாலானோர் வேட்டையாடுவது இம்பாலா, ஸ்பிரிங்பாக், வார்த்தாக் பன்றி, ஜெம்ஸ்பாக், குடு மான், வரிக்குதிரை, நீல வில்டபீஸ்ட் ஆகியவற்றைத்தான். ஸ்பிரிங்பாக் நாற்பது கிலோ அளவில் நின்றுவிடும்; நன்கு வளர்ந்த ஆண் குடு 250 கிலோவைத் தாண்டும். சிலர் பட்டியலில் சேர்க்கும் ஈலாண்ட் மான் மட்டும் தனி ரகம்; அதன் முதிர்ந்த ஆண் 700, 800 கிலோ வரை இருக்கும். நமீபிய விதிகள் குழல்முனையில் குண்டுக்கு இருக்க வேண்டிய ஆற்றலை மூன்று படிகளாக வகுத்திருக்கின்றன: ஸ்பிரிங்பாக் போன்ற சிறியவற்றுக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், ஈலாண்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், எருமை, யானை போன்றவற்றுக்கு 5,400 ஜூல். 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம்) குண்டை நொடிக்கு 2,700 அடி வேகத்தில் செலுத்தும் சாதாரண .30-06 ஏறத்தாழ 3,900 ஜூல் தருகிறது. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தப் பழைய தோட்டா, நடுப்படிக்கான அளவைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது.

அப்படியிருந்தும் கடைக்காரர்களும் காணொளிகளும் சேர்ந்து அதிக மருந்தும் வேகமும் கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னத்தின் பக்கம் ஆளைத் தள்ளிவிடுகிறார்கள். திறந்த வெளியில் தூரத்திலிருந்து சுட வேண்டியிருக்கும், அதற்கு அதுதான் நேராகப் போகும் என்பது அவர்கள் வாதம். கணக்கைப் பார்ப்போம். 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த .30-06, 300 கஜத்தில் எட்டு, ஒன்பது அங்குலம் தாழ்கிறது. அதே எடைக் குண்டுள்ள.300 மேக்னம் ஏழு அங்குலத்தை ஒட்டித் தாழ்கிறது. இந்த இரண்டு அங்குலத்துக்காக, ஒரே எடையுள்ள ரைஃபிளில் மூன்றில் ஒரு பங்கு அதிகமான உதையைத் தோள் வாங்க வேண்டும். முட்காடு நிறைந்த தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பகுதியில் பெரும்பாலான வாய்ப்புகள் 150 மீட்டருக்கு உள்ளேயே அமைகின்றன என்பதால், அங்கே அந்த இரண்டு அங்குலத்துக்கும் வேலையில்லை.

உதையை ஆண்மைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது உடம்பின் அனிச்சைச் செயல். மன உறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. உதைக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டால், விசை இழுபடும் நொடியில் கண் மூடிக்கொள்கிறது, தோள் முன்னால் சாய்கிறது, குழல்முனை கீழே குத்துகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுடுதளத்தில், நீங்கள் பார்க்காதபோது, சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை மருந்தில்லாத போலித் தோட்டாவையும் மாற்றி மாற்றி ரைஃபிளின் தோட்டா அறையில் இடும்படி ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். போலித் தோட்டாவின் மேல் ஊசி விழும்போது வெறும் 'டிக்' ஒலிதான் கேட்கும். அப்போது குழல் அசையாமல் இருந்தால் அந்த ரைஃபிள் உங்களுக்கு ஏற்றது. அது ஓர் அங்குலம் தாழ்ந்து எழுந்தாலும், அந்த காலிபர் உங்கள் கையில் இருக்கும்வரை எந்த விலங்கும் சுத்தமாக விழாது. ஆப்பிரிக்காவில் பண்ணைக்குப் போய் இறங்கியதும், நூறு மீட்டரில் அட்டை வைத்து குறியைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அனுபவமுள்ள வழிகாட்டி, அட்டையில் விழும் துளையைவிட உங்கள் கண்ணிமையைத்தான் கூர்ந்து கவனிப்பார். அடுத்த ஒரு வாரம் உங்களை எவ்வளவு தூரத்தில் சுட விடலாம் என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

காலிபரைவிட நான் அதிகம் கவலைப்படுவது குண்டின் கட்டமைப்பைப் பற்றித்தான். வட அமெரிக்க வெள்ளைவால் மானைச் சுட்டுப் பழகியவர்கள், முன்தோளுக்குச் சற்றுப் பின்னால் விலாவில் குறி வைத்தே வளர்ந்தவர்கள். ஆப்பிரிக்க மான் இனங்களில் இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னாலும் கீழேயும், ஏறக்குறைய இரு தோள்களுக்கும் நடுவில் அமைந்திருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்காலின் நடுவே கண்ணை மேலே ஓட்டி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள் என்று வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பழைய பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் விலாவில் சுட்டால் குண்டு நுரையீரலின் ஓரத்தையோ குடலையோ கிழிக்கும். நீல வில்டபீஸ்ட் அந்தக் காயத்தோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ஜெம்ஸ்பாக்கின் தோள்மேடு உயர்ந்திருப்பதால், உடம்பின் நடுவில் குறி வைத்ததாக நினைப்பவர் உண்மையில் மேலே சுட்டுவிடுகிறார்.

சரியான இடத்தில் குறி வைத்தால் குண்டு தோள் எலும்பைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை மட்டும் போர்த்திய மலிவான குண்டு, அதுவும் மேக்னத்தின் வேகத்தில் ஐம்பது மீட்டரில் போய் மோதினால், எலும்பிலேயே சிதறிவிடலாம். இந்தச் சிக்கல் புதிதல்ல. 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றை .300 ஹாலந்து அண்டு ஹாலந்து தோட்டாவால் சுட்டபோது, குண்டுகள் அதன் சேறு படிந்த தோலையும் தசையையும் கடந்து ஆழமாக இறங்கவில்லை. அந்த ஏமாற்றத்திலிருந்து அவர் உருவாக்கியதுதான் பார்ட்டிஷன் குண்டு. உள்ளே குறுக்கே ஒரு செம்புச் சுவர் இருப்பதால், முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி சிதையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்று அதே வேலையைச் செய்ய ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் போன்ற, உறையும் ஈயமும் பிணைக்கப்பட்ட குண்டுகளும், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டுகளும் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் குழல் அதைச் சீராகச் சுடுகிறதா என்று பார்த்து, பயிற்சிக்கும் வேட்டைக்கும் அதே தோட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியிருக்கலாம். பயணச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ரத்தம் சிந்திய விலங்கு கிடைக்காமல் போனாலும் அதற்கான முழுக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது, இரவெல்லாம் புதரில் கிடந்து சாகப்போகும் அந்த உயிர். அதைச் சுடுவது என்று முடிவெடுத்த பின், விரைவான மரணத்தை அதற்குத் தரவேண்டிய கடமை முழுக்க முழுக்கச் சுடுபவருடையது.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது, மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே முக்கால்வாசி நேரம் நின்றுகொண்டுதான், மூன்று கால் தாங்கியில் ரைஃபிளை வைத்துச் சுட வேண்டும். தடம் பார்ப்பவர் கையை உயர்த்தி நிற்பார். வழிகாட்டி ஓசையின்றித் தாங்கியை விரித்து மண்ணில் ஊன்றுவார். நீங்கள் முன்னால் ஓரடி வைத்து, குச்சிகள் சேரும் கவட்டையில் ரைஃபிளின் முன்கட்டையை இருத்தி, இடது கையால் கவட்டையையும் கட்டையையும் ஒருசேரப் பிடித்து, மூச்சிரைப்பு அடங்குவதற்குள் முட்கிளைகளின் இடுக்கில் சாம்பல் நிறத் தோள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குடு உங்களுக்காகப் பத்து நொடிக்கு மேல் நிற்காது. இதற்கெனத் தாங்கி ஒன்றை வாங்கி, வீட்டிலேயே வெற்றுத் துப்பாக்கியோடு தினமும் சில நிமிடங்கள் பழகுங்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை எப்போதும் மூன்று மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்து நடப்பதும் இந்த அவசரத்துக்காகத்தான். சாதாரண 3-9 ஸ்கோப் இதற்குப் போதும்.

சிறிய காலிபரே போதும் என்று வாதிடுவோர் உடனே கரமோஜோ பெல் என்ற பழைய யானை வேட்டைக்காரரை இழுப்பார்கள். டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதும், அவற்றில் பெரும்பாலானவற்றை .275 ரிக்பியால், அதாவது 1892-இல் வந்த 7×57 மவுசரால் சுட்டதும் உண்மைதான். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று கற்றவர். எளிதில் சிதையாத திடக் குண்டுகளை மிக அருகிலிருந்து மூளைக்கே செலுத்தியவர். அவருடைய வாழ்க்கை, குண்டும் குறியும் சரியாக இருந்தால் விட்டம் இரண்டாம் பட்சம் என்பதற்குச் சான்று. முதல் பயணத்தில் இருப்பவர் எருமையைச் சிறிய ரைஃபிளால் சுடலாம் என்பதற்கு அதை ஆதாரமாக்கக் கூடாது. சட்டமும் இன்று அதை அனுமதிக்காது.

எருமை வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை 1912-இல் வந்த .375 ஹாலந்து அண்டு ஹாலந்து மேக்னம். 300 கிரெயின் குண்டோடு ஏறத்தாழ 5,700 ஜூல் தருவதால் நமீபியாவின் மேல்படி விதியை அது நிறைவு செய்கிறது. அதன் பாதை 180 கிரெயின் .30-06-ஐ ஒத்திருப்பதால், அந்த ஒரே ரைஃபிளால் இம்பாலா முதல் எருமை வரை சுடலாம். ஈலாண்ட் பட்டியலில் இருந்தால் அதற்கும் அதுவே சிறந்தது. ஆனால் உதை .30-06-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைந்தது ஆறு மாதமாவது அதோடு பழக நேரமில்லாதவர் எருமையை இரண்டாம் பயணத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது. பெர்லினைச் சேர்ந்த துப்பாக்கித் தொழிலாளர் ஓட்டோ போக் 1905-இல் ஆப்பிரிக்காவின் ஜெர்மானியக் குடியேறிகளுக்காக வடிவமைத்த 9.3×62 எனக்கு மிகவும் பிடித்த தோட்டா. உதை மிதமானது, பெரிய மான்களுக்கு அருமையானது. ஆயினும் அதன் வழக்கமான தோட்டாக்கள் 5,400 ஜூலை எட்டுவதில்லை என்பதால் நமீபியாவில் எருமைக்கு உதவாது. இன்னும் பெரிய .416, .458 வகைகளை வழிகாட்டிகளின் கையிலேயே விட்டுவிடலாம்.

பழைய ரைஃபிளைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம், எல்லோரும் வைத்திருக்கும் காலிபருக்குத் தோட்டா எங்கும் கிடைக்கும் என்பது. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்து கிலோ தோட்டாவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அறுபது தோட்டாக்களே ஒரு வாரத்துக்குத் தாராளம். தோட்டாப் பெட்டி வந்து சேராவிட்டால், நமீபியாவின் விண்ட்ஹோக்கிலோ தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலோ .30-06, .308, .375 ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். அண்மையில் வந்த அபூர்வ காலிபர்களுக்கு அந்த வசதி இருக்காது. மாற்றுத் தோட்டாவில் குறி கட்டாயம் மாறியிருக்கும் என்பதால், மறுபடியும் அட்டையில் சுட்டுச் சரிசெய்யாமல் கிளம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்காவுக்குள் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல, அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தை நிரப்ப வேண்டும். கையெழுத்தை அங்குள்ள காவல் அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும், முன்கூட்டியே போட்டுவிடக் கூடாது. ரைஃபிளின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் காலிபரையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். வழியில் வேறு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தால், அந்த நாட்டின் துப்பாக்கி அனுமதி தேவையா என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.