நாற்காலியில் ஜிம்மி ஒயிட்

ஜிம்மி ஒயிட் பெயரை எடுத்தாலே "பாவம், அதிர்ஷ்டம் இல்லாத மனுஷன்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கு ஆறு முறை போனவர், ஆறிலும் தோற்றவர். முதலில் 1984, அப்புறம் 1990 முதல் 1994 வரை விடாமல் ஐந்து வருடம். ஸ்னூக்கரை அதிகம் பார்க்காதவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. அவர் தரவரிசைப் போட்டிகளில் பத்துக் கோப்பைகள் வாங்கியவர் என்பது மட்டும் தெரிவதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஸ்னூக்கரில் தோற்பது மற்ற ஆட்டங்களில் தோற்பது மாதிரி கிடையாது. டென்னிஸில் தோற்கப் போகிறவன் கடைசிப் பந்து வரை ஓடிப் பார்க்கலாம். ஓட்டப்பந்தயத்தில் கால் ஓயும்வரை முயற்சி செய்யலாம். இங்கே எதிராளி பந்துகளைத் தவறாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டேபிளில் இருக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். கியூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, துண்டால் துடைக்கலாம். பத்தடி தள்ளி நம் வாழ்க்கையை வேறொருவர் முடித்துவைத்துக்கொண்டிருப்பார், நாம் முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கேமராவும் அந்த முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஜிம்மியின் வாழ்க்கையில் இப்படி இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன, பன்னிரண்டு வருட இடைவெளியில்.

முதலாவது 1982. லண்டன் டூட்டிங்கில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஸ்னூக்கர் கூடத்தில் வளர்ந்த இடதுகைப் பையன், 1980-ல் உலக அமெச்சூர் சாம்பியன், இப்போது இருபது வயதில் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் உலக சாம்பியன்ஷிப் அரையிறுதி ஆடுகிறான். எதிரே அலெக்ஸ் ஹிக்கின்ஸ். ஃபிரேம் என்றால் போட்டிக்குள் ஒரு தனி ஆட்டம், பதினாறு எடுப்பவருக்கு வெற்றி. ஜிம்மி 15-14 என்று முன்னிலை. அடுத்த ஃபிரேமிலும் புள்ளிக் கணக்கில் 59-0. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இறுதிப் போட்டி. ரெஸ்ட் (கை எட்டாத இடத்தில் கியூவைத் தாங்கும் கோல்) வைத்து அடித்த ஒரு சிவப்புப் பந்து விழவில்லை. உட்கார்ந்தான். ஹிக்கின்ஸ் எழுந்து ஒரே பிரேக்கில், அதாவது இடையில் தவறவிடாமல் தொடர்ந்து, 69 புள்ளி அடித்தார். அந்த வீடியோவைப் பாருங்கள். ஒரு ஷாட்டிலும் வெள்ளைப் பந்து அவர் நினைத்த இடத்தில் போய் நிற்பதாகத் தெரியாது. ஆனாலும் அடுத்தது விழும், அதற்கடுத்ததும் விழும். கடைசி ஃபிரேமையும் எடுத்துக்கொண்டு போய் உலக சாம்பியன் ஆனார். ஸ்னூக்கரில் இதுவரை அடிக்கப்பட்டதிலேயே சிறந்த பிரேக் அதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனால் வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த இருபது வயசுப் பையனைத்தான் தேடும்.

இரண்டாவது 1994, மே 2. ஜிம்மியின் 32-வது பிறந்தநாள். எதிரே ஸ்டீபன் ஹென்ட்ரி, சின்ன வயதில் ஜிம்மியைப் பார்த்து ஆசைப்பட்டு வளர்ந்தவர். அந்தப் போட்டித் தொடரின்போதுதான் ஹென்ட்ரிக்கு ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கையில் எலும்பு முறிவு, அதோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். 17-17. இரண்டு நாள், முப்பத்து நான்கு ஃபிரேம் ஆடி முடித்து மிச்சம் ஒன்று. ஜிம்மி முன்னிலையில் இருக்கிறார், பந்துகள் நன்றாகத் திறந்து கிடக்கின்றன. கருப்புப் பந்து அதன் புள்ளியிலேயே இருக்கிறது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் தினப் பயிற்சியில் எண்ணாமல் போட்டுத் தள்ளும் பந்து அது. குனிந்தார், அடித்தார். கை இம்மி அவசரப்பட்டது போலத்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். பந்து பாக்கெட்டின் வாயில் இடித்துத் திரும்பியது. போய் உட்கார்ந்தார். ஹென்ட்ரி 58 அடித்து முடித்தார். கோப்பை கொடுக்கும்போது ஜிம்மி, இவன் என்னைக் கடுப்பேற்ற ஆரம்பித்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அந்தக் கருப்பை வைத்துத்தான் அவரை "அதிர்ஷ்டம் இல்லாதவர்" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1992-ல் இதே ஹென்ட்ரியிடம் 14-8 என்று முன்னிலையில் இருந்து, தொடர்ந்து பத்து ஃபிரேம் கொடுத்து 18-14 என்று தோற்றார். 1993-ல் 18-5. இதெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. எதிரே இருந்தவர் ஏழு முறை உலக சாம்பியன் ஆனவர், பயிற்சி மேஜையை விட்டு நகராதவர். ஜிம்மியோ குடி, சூதாட்டம், போதை என்று போனதைப் பற்றிப் பின்னாளில் தானே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரே மறைக்காததை நாம் ஏன் அதிர்ஷ்டத்தின் தலையில் போட வேண்டும்? "பாவம்" என்று சொல்லும்போது அவர் செய்த தவறும் காணாமல் போகிறது, சாதித்ததும் காணாமல் போகிறது.

சாதித்தது என்றால் 1992-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உலக சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில்தான் டோனி டிராகோவுக்கு எதிராக 147 அடித்தார், ஒரு பிரேக்கில் வழக்கமாக எட்டக்கூடிய உச்சம் அது. பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றோடும் ஒரு கருப்பு, அப்புறம் வரிசையாக ஆறு வண்ணப் பந்துகள். குரூசிபிளில் அதற்கு முன் அதைச் செய்தவர் ஒரே ஒருவர், 1983-ல் கிளிஃப் தார்பர்ன். சரி, இறுதியில் அந்தப் பத்து ஃபிரேம் சரிவு வந்தது. அதற்கப்புறம் என்ன செய்தார்? அதே வருடம் பிற்பாதியில் கிராண்ட் பிரியை ஜெயித்தார், யூகே சாம்பியன்ஷிப் இறுதியில் ஜான் பாரட்டை 16-9 என்று வென்றார். அப்படி ஒரு தோல்விக்கு ஆறு மாதம் கழித்து!

1995-ல் விரைப் புற்றுநோய் வந்தது, அறுவை சிகிச்சை செய்துகொண்டார், திரும்பி வந்தார். தரவரிசையில் சரிந்துகொண்டே போய், எல்லோரும் கைகழுவிய பிறகு, 2004-ல் கிளாஸ்கோவில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை எடுத்தார். இறுதியில் எதிரே ஆடியவர் பால் ஹண்டர். 41 வயதில் வாங்கிய அதுதான் அந்தப் பத்தாவது கோப்பை. அப்புறம் தொழில்முறைப் போட்டித் தொடர்களில் ஆடும் தகுதியும் கையை விட்டுப் போனது. சிறப்பு அழைப்பில் ஆட வேண்டிய நிலை. "இன்னும் எதற்கு ஆடுகிறார், மரியாதையாக ஒதுங்கக் கூடாதா" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. யாருடைய மரியாதை? கியூ பிடிப்பது பிடித்திருக்கிறது, தகுதிச் சுற்றில் பார்வையாளரே இல்லாத மேஜையில் ஆடவும் தயாராக இருக்கிறார். இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது?

2020 ஆகஸ்டில் உலக சீனியர்ஸ் சாம்பியன்ஷிப் இறுதி, அதே குரூசிபிளில். எதிரே கென் டோஹர்ட்டி, 1997-ன் உலக சாம்பியன். ஐந்து ஃபிரேம் எடுப்பவருக்குக் கோப்பை, ஜிம்மி 0-4 என்று பின்தங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஐந்தையும் எடுத்தார். இது அந்த ஆறு தோல்விக்கும் ஈடு என்று நான் சொல்லவில்லை. ஈடாகாது.

மறு வருடம் உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் முதல் ஆட்டமே ஒயிட் - ஹென்ட்ரி என்று விழுந்தது. ஒருவருக்கு 58 வயது, இன்னொருவருக்கு 52. ஹென்ட்ரி 6-3 என்று ஜெயித்தார். இந்த முறையும் அவர்தான். அதற்கு அடுத்த வருடம், அறுபது வயதில், யூகே சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி யார்க் நகரின் பிரதான அரங்குக்கு வந்து சேர்ந்தார் ஜிம்மி. முதல் சுற்றிலேயே தோற்றார். அன்றைக்கு அவர் உள்ளே நடந்து வந்தபோது அரங்கம் கைதட்டிய விதத்தைத் தேடிப் பாருங்கள்.