ரெண்டு நாள்ல சேஃப்டி ஒபிசர் ஆகலாமாம்

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன்ல, சேஃப்டி ஒபிசர் (வேலைத்தளத்துல ஆபத்து வராமப் பாத்துக்குற பாதுகாப்பு அதிகாரி) ஆகுற கோர்ஸைப் பத்தி நடந்த கூட்டத்தோட கிளிப்பை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. எனக்கே பதினோரு பேர் அனுப்பினாங்க, அதுல நாலு பேர் சிரிப்பு இமோஜியோட. அதனால என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து எழுதப் போறதில்ல. பேசினவர் பேரையும் எழுதமாட்டேன். எழுதினா அவருக்கு இன்னும் நாலு கூட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனா அந்த ஒரு பேச்சு மூணு நாளா தூங்க விடல. "ஓ.எல் பெயிலா? கவலைய விடுங்க தம்பிமாரே. ரெண்டு நாள் கோர்ஸ், முடிச்சா சேஃப்டி ஒபிசர். ஹெல்மட் போடாதவனுக்கு ஹெல்மட் மாட்டிவிடுற வேலை. சம்பளம் ரியால்ல." மண்டபமே சிரிச்சுச்சு. கைதட்டல் வேற. வெளிய வந்தா வாசல்ல மேசை போட்டு ஃபோர்ம் குடுத்துக்கிட்டு இருந்தாங்களாம். கட்டணம் 48,000 ரூபா.

அது ரெண்டு நாள் படிப்பு இல்லைங்க. இந்தப் பதிவு முழுக்க நான் இதையேதான் சொல்லப் போறேன். அலுத்துப் போனா இப்பவே ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம்.

முதல்ல அந்த ஃபோர்ம்ல இருந்ததைப் பார்ப்போம். அமெரிக்க அரசோட தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவோட 30 மணிநேரப் பயிற்சி அட்டை தருவோம்னு போட்டிருந்துச்சு. பேர்லயே 30 மணி நேரம்னு இருக்கு. அதை ரெண்டு நாள்ல எப்படி முடிப்பீங்க? தூங்காமலா, தேத்தண்ணி கூடக் குடிக்காமலா? அதோட அந்த அட்டை ஒரு அறிமுகப் பயிற்சிக்குப் போனதுக்கு அடையாளம் மட்டும்தான். அது தொழில் தகைமை இல்லைன்னு ஓஷாவே சொல்லுது. ஆனா நம்ம ஊரு மேசைக்காரர் சொல்றார், அது "சர்வதேச டிப்ளோமாவுக்குச் சமம்"னு. எவ்வளவு சமம் பாருங்க.

"நீ மட்டும் பெரிய இதுவா"ன்னு கேப்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

2010ல நான் கட்டார் போனது ஹெல்ப்பரா. ஏ.எல் கலைப்பிரிவு, தமிழ் மொழிமூலம், மஸ்கெலியா பக்கத்து லயத்துல (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து நேரா டோஹா. சைட்ல தினமும் காலையில வேலை தொடங்க முந்தி டூல்பாக்ஸ் டோக்னு பாதுகாப்பைப் பத்தி பத்து நிமிஷம் பேசுவாங்க. பேசுறவர் ஒரு கேரளத்து சேஃப்டி ஒபிசர். அவர் பேசுற இங்கிலீஷ் நம்ம பொடியன்களுக்குப் புரியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு தமிழ்ல சொல்லச் சொன்னார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள்ள வந்தேன், மொழிபெயர்ப்பாளரா. ரெண்டு வருஷம் அவர் பின்னாலயே நடந்தேன். சாரத்துல ஏற முந்தி எதைத் தொட்டுப் பார்க்கணும், கிரேன் தூக்கும்போது எந்தப் பக்கம் நிக்கக்கூடாது, எல்லாம் அவர் காட்டினதுதான்.

2013ல நெபோஷ்ங்கிற பிரித்தானியப் பரீட்சை அமைப்போட சர்வதேசப் பொதுச் சான்றிதழ் எழுதினேன், தொழில் பாதுகாப்புக்கானது. அப்ப அது ரெண்டு மணி நேர எழுத்துப் பரீட்சை. பதினொரு கேள்வி, ஒண்ணுக்கு 20 புள்ளி, மத்த பத்துக்கும் எட்டெட்டு. பாஸாக 45 போதும். நான் எடுத்தது 38. பெயில்!

ஏன் பெயில்னா, விஷயம் தெரியாம இல்ல. ஒரு கேள்வி பெயர்களை மட்டும் கேக்கும், இன்னொண்ணு சுருக்கமா விவரிக்கச் சொல்லும், இன்னொண்ணு காரணத்தோட விளக்கச் சொல்லும். நான் பெயர் கேட்ட இடத்துல ஒரு பக்கம் எழுதி நேரத்தை விட்டேன், விவரிக்கச் சொன்ன இடத்துல நாலு சொல்லோட நிறுத்திட்டேன். ரெண்டாந்தடவை எழுதி 61 எடுத்தேன். இது பீத்திக்கிறதுக்கு இல்ல. ரெண்டு வருஷம் சைட்ல நின்னவனே ஒரு தடவை விழுந்த பரீட்சை இது. அதுக்கு வகுப்பே பொதுவா பத்து நாள் ஓடும், வீட்டுப் படிப்பு தனி. இதுவும் இந்தத் தொழில்ல அடிப்படைச் சான்றிதழ்தான், மேல டிப்ளோமா தனியா இருக்கு.

அதனாலதான் சொல்றேன், ரெண்டு நாள் இல்ல.

இப்ப ஹெல்மட்டுக்கு வருவோம். அதுதானே எல்லாருக்கும் சிரிப்பு. இந்தப் படிப்புல முதல் வாரமே சொல்லித்தர்ற விஷயம், ஆபத்தைக் கையாள ஒரு வரிசை இருக்குன்னு. முதல்ல ஆபத்தையே இல்லாமலாக்கப் பாரு. முடியலன்னா ஆபத்துக் குறைஞ்ச ஒண்ணை அந்த இடத்துல வை. அதுவும் முடியலன்னா தடுப்புப் போடு, மூடி போடு. அப்புறம்தான் வேலை செய்ற முறையை மாத்துறது, பயிற்சி குடுக்குறது. ஹெல்மட், கையுறை, பூட்ஸ் எல்லாம் அஞ்சாவது. கடைசி. மத்த நாலும் தோத்தா தலையைக் காப்பாத்தட்டும்னு போடுறது. அந்த அஞ்சாவதைப் பிடிச்சுக்கிட்டு அதுதான் தொழில்னு சொன்னா, டொக்டர் வேலை தெர்மோமீட்டர் வைக்கிறதுன்னு சொல்ற மாதிரி.

நம்ம மலைக்கே வாங்க. கொழுந்து எடுக்குற நம்ம அம்மாமாரை குளவி கொட்டுது. மாசத்துக்கு எத்தனை செய்தி பார்க்கிறோம். குளவிக்கு ஹெல்மட் போடுவீங்களா? பிரட்டு (காலையில ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்குறது) முடிஞ்சு ஆளை மலைக்கு அனுப்ப முந்தி ஒருத்தர் போய் அந்த மலையில மரத்தைப் பார்க்கணும், கான் (வடிகால்) ஓரத்தைப் பார்க்கணும். கூடு இருந்தா அன்னைக்கு அந்தப் பக்கம் ஆள் போகக்கூடாது, கூட்டை அகற்றத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடணும். கொட்டினா எந்த வண்டியில எந்த ஆஸ்பத்திரிக்குன்னு முந்தியே தீர்மானிச்சு வச்சிருக்கணும். இதைச் செய்ற ஆளுக்குப் பேர்தான் சேஃப்டி ஒபிசர். ஹெல்மட் மாட்டிவிடுறவன் இல்ல.

மண் வெட்டுறது இன்னொண்ணு. பக்கச்சுவர் கட்டணும்னு மேட்டை நேரா வெட்டுவாங்க. மழை பெஞ்ச மறுநாள் நாலு பேரை அந்தக் குழியில இறக்குவாங்க. ஒரு கன மீற்றர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கும், ஈரம்னா இன்னும் கூட. அது நெஞ்சு மேல விழுந்தா தலை வெளிய இருந்தாலும் மூச்சு எடுக்க முடியாது. எத்தனை பேரைத் தோண்டி எடுத்திருக்கோம், எத்தனை பேர் தலையில ஹெல்மட் அப்படியே இருந்துச்சு? சரிவா வெட்டணுமா, முட்டுக் குடுக்கணுமா, வெட்டின மண்ணை விளிம்புல இருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கொட்டணும், இதெல்லாம் படிக்கணும் ஐயா. படிக்கணும்.

சத்தத்தை எடுங்க. 85 டெசிபலுக்கும் 88க்கும் மூணுதான் வித்தியாசம்னு நினைப்போம். அந்த மூணுல சத்தத்தோட சக்தி இரட்டிப்பாகுது. இதைக் கணக்குப் பார்க்க ஓ.எல் கணக்கு வேணும். ஓ.எல் பெயிலானவங்களுக்குன்னே இருக்குற தொழில்னு சொன்னாரே, அதுக்காகச் சொல்றேன். பெயிலானவங்களைக் குறைச்சுச் சொல்லல. திரும்ப எழுதுங்க, பாஸ் பண்ணிட்டு வாங்க. நானும் பெயிலாகித்தான் வந்தேன்.

இப்ப வரப் போற கொமென்ட்டுக்கெல்லாம் இங்கயே பதில்.

"நீ மட்டும் மேல ஏறிட்டு ஏணியை எடுக்கப் பார்க்கிற." இது வலிக்குது. நேத்தே ஒருத்தர் இன்பொக்ஸ்ல எழுதிட்டார், அதுவும் எங்க தோட்டத்து ஆளு. அண்ணே, நான் ஏணியை எடுக்கல. அது ஏணியே இல்ல, சுவத்துல வரைஞ்ச படம்னு சொல்றேன். வேற என்ன சொல்ல.

"ஏழைப் பிள்ளைங்க வருஷக்கணக்கா படிக்க முடியுமா?" நியாயமான கேள்வி. நாள் கூலிக்கு உழைக்கிற வீட்டுக்கு வருஷக் கணக்குல செலவு பண்ணச் சொல்ல நான் யாரு? ஆனா 48,000ன்னா, 2024ல வந்த 1,350 ரூபா நாள் சம்பளத்துல பார்த்தா முப்பத்தஞ்சு நாள் சம்பளத்துக்கு மேல. அந்தக் கணக்கை அந்த மேசையில யாரும் போடலையே. நம்ம நாட்டுலயே 2009ல 38ஆம் இலக்கச் சட்டத்தோட வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் இருக்கு. தொழில் அமைச்சுக்குக் கீழ. அங்க இதுக்குன்னே பயிற்சி நடத்துறாங்க, முதல்ல அங்க விசாரிங்க. எந்தத் தனியார் கோர்ஸா இருந்தாலும் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிவா, என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) தரம் ஏதும் இருக்கா, இருந்தா எத்தனைன்னு கேளுங்க. நெபோஷ்னு சொன்னா நெபோஷோட இணையத்தளத்துலயே அந்த நிலையம் இருக்கான்னு பாருங்க. கேட்டதும் மூஞ்சி மாறுதா, அந்த இடத்துல காசைக் கட்டாதீங்க.

"கொழும்புக்குப் போகணும், எல்லாம் சிங்களம், இங்கிலீஷ்." உண்மை. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, கோவம் மட்டும்தான் இருக்கு. தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சிக்கு நிறுவனம் இருக்கு, 1925ல தொடங்கினது. செடியைப் பத்தி நூறு வருஷம் ஆராய்ச்சி பண்ணியாச்சு. செடியைத் தொடுற கையைப் பத்தி தமிழ்ல படிக்க நம்ம மலைநாட்டுல ஒரு வகுப்பறை எங்கன்னு கேட்டா, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத்தான் காட்டுறீங்க.

"அனுபவம் இருந்தா போதும், பேப்பர் எதுக்கு?" இதைச் சொல்றவங்க எப்பவும் கொஞ்சம் வயசானவங்க, மரியாதைக்குரியவங்க. அதனால மரியாதையோடயே சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு ஸ்டோர்ல (தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில) 22 வருஷ அனுபவம். கொழுந்தை முகர்ந்து பார்த்தே அது வாடினது போதுமா இல்லையான்னு சொல்வார். டீமேக்கர் ஐயாவே அவரைக் கேட்டுத்தான் கொழுந்தை உருட்டுற ரோலருக்கு இறக்குவார்னு சொல்லுவாங்க. 1998, நான் ஆறாம் வகுப்பு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ரொட்டர்வேன்ல கொழுந்து அடைச்சுக்கிச்சு. தெரியாதவங்களுக்கு, அது பெரிய இறைச்சி அரைக்கிற மெஷின் மாதிரி, உள்ள திருகு சுத்தும். அப்பா போய் சுவிட்சை நிறுத்தினார். நிறுத்தினார்ங்கிறதைக் கவனிங்க. அப்புறம்தான் கையை விட்டு அடைச்சதை எடுத்தார். சுவிட்ச் தூணுக்கு அந்தப் பக்கம். மெஷின் நின்னு கிடக்கேன்னு இன்னொருத்தர் வந்து போட்டுட்டார். அவரும் நல்ல மனுஷன்தான், கடைசி வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் முகத்தைக் காட்ட முடியாம இருந்தார்.

வலது கை, ரெண்டு விரல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

விசாரிச்சாங்க. ஒரு தாள்ல எழுதினாங்க. காரணம்னு இருந்த கட்டத்துல ஒரே சொல்: கவனக்குறைவு. தாள் இங்கிலீஷ்ல. அப்பா மிச்ச விரலால பேனாவைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட்டார். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. பதினஞ்சு வருஷம் கழிச்சு, சான்றிதழ் எடுத்த பிறகு, பெட்டியில கிடந்த அந்தத் தாளோட கொப்பியை நான்தான் வாசிச்சுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோன்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

அந்த ராத்திரிக்கு என்ன தேவைப்பட்டுச்சு தெரியுமா? ஒரு பூட்டு. நான் இப்ப சைட்ல இடுப்புல ஒண்ணு வச்சிருக்கேன், சிவப்பு, உள்ளங்கையில அடங்கும், என் பேர் ஒட்டியிருக்கு. மெஷினுக்குள்ள கை வைக்கிறவன் முதல்ல மெயின் சுவிட்சை நிறுத்தி அதுல தன்னோட பூட்டைப் போடணும். சாவி அவன் சட்டைப் பைக்குள்ள. நாலு பேர் வேலை செஞ்சா நாலு பூட்டு. கடைசி ஆள் கையை வெளிய எடுத்துத் தன் பூட்டைக் கழட்டுற வரைக்கும், தொரையே (தோட்ட மேனேஜரே) வந்தாலும் அந்த மெஷினைப் போட முடியாது. ஆபத்தான மெஷின் பாகத்துக்கு மறைப்புப் போடணும்னு 1942ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துலயே இருக்கு. அப்பா பிறக்க முந்தி எழுதினது. அது இருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள் அந்த ஸ்டோர்ல இல்ல. 22 வருஷ அனுபவம் நிறைய இருந்துச்சு.

பேப்பர் எதுக்குன்னு கேக்குறவங்க இனி என்கிட்ட கேக்காதீங்க.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, உண்மையைச் சொல்லிடுறேன். அந்த மேசையில ஃபோர்ம் நிரப்பினவங்கள்ல எங்க அக்கா மகனும் ஒருத்தன். அக்கா சங்கிலியை அடகு வச்சுக் குடுத்திருக்கா. நான் இந்தத் தொழில்ல இருக்கேன்னு தெரிஞ்சும் என்னைக் கேக்கல. கேட்டா நான் "நாள் ஆகும்"னு சொல்லிடுவேன்னு பயமாம். நேத்து போன்ல, "மாமா, அவங்க ரெண்டு நாள்னு சொல்றாங்க, நீங்க ரெண்டு வருஷம்னு சொல்றீங்க, நான் யாரை நம்புறது"ன்னு கேட்டான். வாய்ல வார்த்தை வரல. நாளைக்கு ரெண்டு நாள் அட்டையோட ஒரு சைட்ல நின்னு, குழிக்குள்ள நாலு பேரை இறக்கச் சொல்லி இவன் தலையாட்டினான்னா? அந்த நாலு பேரும் இவனை நம்பித்தானே இறங்குவாங்க.

காசு கட்டினவங்க ரசீதைப் பத்திரமா வச்சுக்கங்க. திருப்பிக் கேக்குறதுக்கு எல்லாரும் சேர்ந்து போவோம், தனித்தனியாப் போனா பேசி அனுப்பிடுவாங்க. வர்ற ஞாயிறு நான் ஊர்ல. உண்மையா படிக்கணும்னு நினைக்கிற பிள்ளைங்க காலைல வீட்டுக்கு வாங்க, என்கிட்ட இருக்குற நோட்ஸ், பழைய கேள்வித்தாள் எல்லாம் தர்றேன். பெயில்னு 38 புள்ளியோட வந்த அந்த ரிசல்ட் தாளையும் காட்டுறேன். பூட்டை எப்படிப் போடுறதுன்னு அப்பா காட்டுவார். அவருக்கு அது பிடிக்கும், மூணு விரலால என்னை விட வேகமாப் போடுவார். அவர் முன்னால கவனக்குறைவுங்கிற சொல்லை மட்டும் யாரும் எடுக்காதீங்க.